தெருவீடா, தோப்புவீடா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 61 வயது, வீட்டம்மாவுக்கு 57. சென்னையில் முப்பது வருஷம் இருந்தாயிற்று, இனிமேல் சத்தமில்லாத ஊரில் இருக்க வேண்டும். மகன் பெங்களூரில் வேலை. போன வருஷம் உங்களுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பார்த்துவைத்திருப்பது இரண்டு வீடு. ஒன்று கும்பகோணத்துக்கு வடமேற்கே திருப்புறம்பியம் பக்கம், கோயிலை ஒட்டிய தெருவில், இருபதடி அகலமும் நூற்றிருபதடி நீளமுமான பழைய ஓட்டு வீடு. 28 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று செங்கோட்டைக்குப் பக்கத்தில் பண்பொழியைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே 12 சென்டில் எட்டு வருஷத்து தளம் போட்ட வீடு, 42 லட்சம். இரண்டுக்கும் ஒருமுறை போய் வந்திருக்கிறீர்கள். இரண்டும் அமைதியாக இருந்தன. எதை எடுப்பது என்பது கேள்வி.

நான் நில அளவைத் துறையில் 31 வருஷம் சங்கிலி இழுத்தவன். முதல் பத்து வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம், மீதி திருநெல்வேலிப் பக்கம். ஓய்வு பெற்று இப்போது தென்காசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அதனால் பண்பொழிக்குத்தான் பரிந்து பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் கும்பகோணம் பக்கத்துத் தெருவீடுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த வீடு நிற்கும் மண் யாருடையது என்று தெரியும்வரை ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த அமைதி. நீங்கள் திருப்புறம்பியம் போனது மே மாதம், பண்பொழி போனது பிப்ரவரி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஊரையும் அவை தூங்கிக்கொண்டிருந்த மாதத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

மே மாதம் மண்ணியாற்றில் மணல்தான் இருந்திருக்கும். வயல் வெடித்துக் கிடந்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஊர் வேறு ஊர். டிராக்டர் காலை ஆறு மணிக்கு இறங்கும். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில். சம்பாவும் தாளடியும் தை, மாசியில். அறுப்பு மெஷின் பனி காய்ந்த பிறகுதான் வயலில் இறங்கும் என்பதால் அது விடியற்காலை உங்களை எழுப்பாது. ஆனால் நெல் ஏற்றிய டிராக்டர் ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் ஓடும். கொள்முதல் நிலையம் எங்கே இருக்கிறது, லாரி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத் தூசி, இருமல் உள்ளவர்களைப் படுத்திவிடும். ஐப்பசி பிறந்தால் மழை, கொசு, தவளை. தவளைக் கத்தலை நீங்கள் சத்தக் கணக்கில் சேர்ப்பீர்களோ என்னவோ, என் மனைவி சேர்த்தாள். கும்பகோணத்தில் நாங்கள் குடியிருந்த முதல் கார்த்திகையில் மூன்று நாள் தூங்கவில்லை. நாலாவது வருஷம் தவளை கத்தாத ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றாள், அது வேறு கதை.

பண்பொழிப் பக்கம் பிப்ரவரியில் காற்று கிடையாது, சாரல் கிடையாது, மா பூத்திருக்கும், மலை கண்ணுக்கு எதிரே சுத்தமாகத் தெரியும். அந்த மாதத்தில் பார்த்தால் யாருக்கும் கை பையில் போய்விடும். ஜூனில் வாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று உள்ளே பாயும். சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடிப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். சாரல் என்பது குற்றாலத்தில் ஒருநாள் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இன்பம். மூன்று மாதம் குடியிருக்கிறவர்களுக்குத் துணி காயாது, மேற்குச் சுவரில் பூஞ்சை ஏறும், அரிசி டப்பாவுக்குள் ஈரம் இறங்கும். அந்த வீட்டின் படுக்கையறை மேற்கே பார்த்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால் ஆடி மாதம் முழுக்க அந்த ஜன்னல் திறக்காது. சனி, ஞாயிறுகளில் குற்றாலத்தில் இடம் கிடைக்காதவர்கள் பண்பொழி, மேக்கரைப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தோப்பு அப்படி வாடகைக்கு விடப்படுகிறதா என்பதை உள்ளூர் டீக்கடையில் ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். பண்பொழித் திருமலை முருகன் கோயில் கூட்டம் மாதக் கார்த்திகை, தைப்பூசம் என்று நாள் பார்த்து வருவது, அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. அம்மன் கோயில் திருவிழாவான கொடை வந்தால் இரண்டு மூன்று நாள் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் விடிய விடிய. கொடைக்கு வரி கொடுத்துவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிடுவதுதான் வழி, சத்தம் என்று புகார் சொல்லிப் பிழைக்க முடியாது.

இன்னொரு சத்தம் இருக்கிறது, அதைப் புரோக்கர் சொல்லமாட்டார். பண்பொழி, வடகரை, மேக்கரை என்று மலையடிவாரம் முழுக்க யானை இறங்கும் பகுதி. தென்னங்குருத்தைப் பிடுங்கித் தின்னும், மாமரக் கிளையை ஒடிக்கும், வாழையை விடவே விடாது. தோப்புக்காரர்கள் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள், டார்ச் அடிப்பார்கள். உங்கள் வீடு கடைசித் தோப்பிலா, உள்ளே தள்ளியா என்பதைப் பொறுத்து அந்த வெடி உங்களுக்குத் தூரத்துச் சத்தமாகவோ கொல்லைச் சத்தமாகவோ இருக்கும். தோட்டத்தில் சோலார் வேலிக் கம்பி ஓடியிருக்கிறதா, அதில் எங்கே புதிதாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முடிச்சு புதிதாக இருந்தால் அண்மையில் அறுந்திருக்கிறது. காவலாளியிடம் "ஆனை வருமா" என்று கேட்காதீர்கள், "அதெல்லாம் முன்ன காலத்துல" என்பார். "கடைசியா எந்த மாசம் வந்துச்சு" என்று கேளுங்கள், மாசத்தைச் சொல்லிவிடுவார்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகளில் பல இடங்களில் வீடு ஒருவருடையது, மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. அடிமனை என்பார்கள். பாட்டன் காலத்தில் கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு வருஷத்துக்கு இவ்வளவு என்று அடிமனை வாடகை கட்டி வந்திருப்பார்கள். அந்த வாடகை சில்லறைக் காசாக இருந்த காலத்தில் யாரும் அதை நினைக்கவில்லை. வீட்டு வரி ரசீது குடியிருப்பவர் பேரில் இருக்கும், மின்சார இணைப்பும் அவர் பேரில் இருக்கும், நாலு தலைமுறை அங்கேயே பிறந்திருக்கும். எல்லாம் இருக்கும், பட்டா மட்டும் சுவாமி பேரில் இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது செங்கலும் ஓடும் மரமும்தான். கோயில் நிலத்தை விற்கும் பத்திரத்தைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் ஏற்க மாட்டார். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தில் வாடகையைத் திருத்தி நிர்ணயிக்கவும், அனுமதியில்லாமல் குடியிருப்பவரை ஆக்கிரமிப்பாளராக நடத்தவும் வழி இருக்கிறது. வங்கி கடன் தராது. உங்கள் மகன் நாளை விற்கப் போனாலும் இதே கதைதான். இதைத் தெரிந்தே "மேற்கட்டுமானம் மட்டும், பேப்பர்ல எழுதிக்கலாம் சார், இங்க எல்லாரும் அப்படித்தான்" என்று சொல்வார்கள். எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மை. அவர்கள் அங்கே பிறந்தவர்கள், போக்கிடம் வேறு இல்லை. நீங்கள் 28 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் போய்ச் சேர வேண்டியதில்லை. 28-ஐ 18 ஆகக் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பேரம் பேசாதீர்கள்.

திருப்புறம்பியத்தில் நீங்கள் பார்த்த வீடு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கோயிலை ஒட்டிய தெரு என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். தெரிந்துகொள்வது சுலபம். சர்வே எண்ணை வாங்கி, அரசின் இணைய சேவையில் பட்டாவையும் அ பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே யார் பேர், என்ன வகைப்பாடு என்று இருக்கும். கோயில் பேர் இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். கிராம நத்தம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நத்தம் என்றதும் புறம்போக்கு என்று சிலர் மிரட்டுவார்கள். நத்தம் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம், அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே அது உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் பட்டா இருக்கிறதா, விற்பவர் பேரிலோ அவருடைய அப்பா பேரிலோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பா பேரில் இருந்தால் வாரிசுச் சான்று, அக்கா தங்கைகள் உட்பட அத்தனை பேர் கையெழுத்து. "அவங்கல்லாம் கல்யாணம் ஆகிப் போய்ட்டாங்க" என்ற பேச்சு 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு செல்லாது.

அடுத்தது அளவு. நூற்றிருபதடி நீளம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். டெல்டாவில் அதைக் குழிக் கணக்கிலும் சொல்வார்கள். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். உங்கள் வீடு 2,400 சதுர அடி, பதினேழு குழிக்குக் கொஞ்சம் குறைவு. பத்திரத்தை நம்பாமல் எஃப்.எம்.பி. படத்தை, அதாவது அந்தச் சர்வே எண்ணுக்கான நில அளவைப் படத்தைப் பாருங்கள். அதில் அளவு மீட்டரில் இருக்கும். 120 அடி என்றால் 36.6 மீட்டர் வர வேண்டும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1990-களில் கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றில் இதே மாதிரி ஒரு வீட்டை அளக்கப் போனேன். வாங்க வந்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். திண்ணையிலிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கொட்டில், கிணறு, கொல்லை என்று போய்க்கொண்டே இருந்தோம். படத்தில் 27.4 மீட்டரில் கோடு முடிந்துவிட்டது. நின்ற இடத்தைப் பார்த்தால் கிணற்றுக்கு இந்தப் பக்கம் துவைக்கிற கல். கிணறு, நாலு தென்னை, கொல்லைக் கதவு எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். முப்பதடி வாய்க்கால் புறம்போக்கு. ஒரு காலத்தில் வாய்க்கால் ஒதுங்கி ஓட, இவர்கள் மெல்ல மெல்ல வேலியை நகர்த்தியிருக்கிறார்கள். விற்கிறவருக்கே தெரியாது, அவர் பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றில்தான் குளித்திருக்கிறார். வாத்தியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு விலையைக் குறைத்து அதையே வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டிலும் படத்தில் தொண்ணூறடிதான் வந்தால் தொண்ணூறடிக்கு விலை பேசி வாங்குங்கள், நூற்றிருபதுக்கு வேண்டாம்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு பக்கமும் பொதுச் சுவர் உள்ள வீடு அது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டினால் உங்கள் சுவர் மழையில் நிற்கும். முற்றத்து மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஜலதாரை பக்கத்து வீட்டுக்கு அடியில் போய், அங்கே அவர்கள் அடைத்துவிட்டிருந்தால் ஐப்பசியில் முற்றம் குளம். உத்திரக் கட்டையைச் சுவரோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், நடுவில் குத்தாதீர்கள். தேக்கு நடுவில் நூறு வருஷம் நிற்கும், நுனியில்தான் ஓதம் ஏறி இற்றுப்போகும். சுவரில் விரல் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். களிமண் பூமி என்பதால் கோடையில் சுருங்கி மழையில் உப்பும், சுவரில் படிக்கட்டு மாதிரிக் குறுக்கே ஏறும் விரிசல் அதனால் வருவது. இடித்துக் கட்டும் யோசனை இருந்தால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உங்களுக்கு உதவும்: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், ஒரு மாடி வரை இணையத்திலேயே அனுமதி. ஆனால் என்னைக் கேட்டால் இடிக்காதீர்கள், ஓட்டை மாற்றிக் கழிப்பறையை உள்ளே கொண்டுவாருங்கள். கொல்லைக் கோடியில் கழிப்பறை என்பது ஸ்டென்ட் வைத்தவருக்கு ராத்திரியில் ஆகாது.

தண்ணீருக்கு அங்கே குறை இல்லை. மேலே களிமண் என்றாலும் அடியில் கொள்ளிடத்து மணல், நல்ல தண்ணீர் அதிக ஆழமில்லாமலே கிடைக்கும். வெள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும். மேட்டூர் நிரம்பினால் உபரி முழுக்க முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். 2018 ஆகஸ்டில் அந்த மதகுகளில் ஒன்பது உடைந்ததே, அதே இடம். கரைக்கு உள்ளே இருக்கும் படுகை நிலத்தில் யாராவது மலிவாக வீடு காட்டினால் பார்க்கக்கூடப் போகாதீர்கள். கரைக்கு வெளியே, கோயில் இருக்கும் மேட்டுத் தெருக்களில் கவலை குறைவு. அந்தக் காலத்தில் கோயிலை எங்கே கட்ட வேண்டும் என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

இனி பண்பொழி. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரைக்கும் கேரளத்துப் பக்கம், திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால் மூலப் பத்திரம் பழையதாக இருந்தால் மலையாள எழுத்தில் இருக்கலாம், வருஷம் கொல்லம் ஆண்டில் இருக்கலாம். 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய ஆங்கில வருஷம் வந்துவிடும். செங்கோட்டையில் இதைப் படித்துச் சொல்லும் பத்திர எழுத்தர்கள் உண்டு. இது சிக்கல் இல்லை, சொல்லப்போனால் அப்படி ஒரு மூலப் பத்திரம் கையில் இருப்பது நல்லது.

சிக்கல் வேறு இரண்டு. ஒன்று, மலையடிவாரக் கிராமங்களில் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருப்பவை. அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் விவசாய நிலத்தில் வீடு கட்ட வனம், வேளாண்மை, கனிமம் என்று துறை துறையாகத் தடையின்மைச் சான்று வாங்கி அனுமதி பெற வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் தோப்புக்குள் கட்டிய வீட்டுக்கு அந்த அனுமதி இருக்கிறதா? "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது போதாது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் என்று 1949-இல் வந்த ஒன்றும் இந்தப் பக்கத்துச் சில சர்வே எண்களைப் பிடித்து வைத்திருக்கிறது, அதையும் விசாரியுங்கள். இரண்டு, 12 சென்ட் என்பது பெரிய தோப்பிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டாகத்தான் இருக்கும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு வெட்டிய அங்கீகாரமில்லாத மனை என்றால் பதிவிலேயே தடை. உட்பிரிவு ஆகித் தனிப் பட்டா இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஆறு பேரோடு ஏழாவதாக உங்கள் பேர் ஏறினால், நாளைக்கு அந்த ஆறு பேரின் சண்டையும் உங்களுடையது. வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது? தார்ச் சாலையிலிருந்து தோப்பு வழியாக உள்ளே போகிறது என்று நினைக்கிறேன். எஃப்.எம்.பி.யில் வண்டிப்பாதை என்று கோடு இருந்தால் சரி. இல்லாமல் பக்கத்துத் தோப்புக்காரர் பெருந்தன்மையில் போய் வந்துகொண்டிருந்தால், அவர் மகன் காலத்தில் சங்கிலி போட்டுவிடுவான். கிணற்றிலும் அப்படித்தான். அடியில் பாறை, போர் போட்டால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிணற்றுப் பங்கு, வாரத்தில் எந்த நாள் மோட்டார் முறை என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நான் அந்தத் தோப்புவீட்டைத் தடுப்பதற்குக் காரணம் உங்கள் நெஞ்சு. கிலோமீட்டர் கணக்குப் போட்டால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் வராது. திருப்புறம்பியத்திலிருந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டர் சுமார், அங்கே அரசு தலைமை மருத்துவமனை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி அதற்கு மேல் நாற்பது. பண்பொழியிலிருந்து தென்காசி பதினைந்து சொச்சம், பாளையங்கோட்டை அதற்கு மேல் ஐம்பதுக்கு மேல். 108 இரண்டு இடத்துக்கும் வரும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிக்கிறது என்றால் முதல் பத்து நிமிஷம் யார் கையில்? தெருவீட்டில் உங்கள் மனைவி பொதுச் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். தோப்புவீட்டில் அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "கண்ணுக்குத் தெரிகிற தூரம்". கண்ணுக்குத் தெரிவது காதுக்குக் கேட்காது. வண்டி ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ராத்திரியில் ஓட்ட முடியாதவரும் நீங்கள்தான். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எந்தத் தோப்பு, எந்தத் திருப்பம் என்று போனில் வழி சொல்ல வேண்டிய வேலை உங்கள் மனைவிக்கு.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கும்பகோணம் பக்கத்துப் பழைய தெருக்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சொந்தக்காரர் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார், வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வத்துக்கு வருவார். பகலில் கோலம் போட்டிருப்பதை நம்பாதீர்கள், காசு கொடுத்து ஆள் வைத்துப் போடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, அதில் எத்தனை வீட்டில் அறுபது வயதுக்குக் குறைந்தவர் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கத்து வீடும் பூட்டியிருந்தால், நான் மேலே சொன்ன சுவரைத் தட்டும் கதை செல்லாது. அப்படியானால் அந்தத் தெருவும் தோப்புதான். அதே மாதிரி, பண்பொழி ஊருக்குள்ளேயே தெருவில் ஒரு வீடு கிடைத்தால் என் பதில் மாறும். அதை நீங்கள் தேடவே இல்லை, மலை தெரியவேண்டும் என்று தோப்புக்குப் போய்விட்டீர்கள். ஊருக்குள் மொட்டை மாடியில் ஏறினாலும் மலை தெரியும்.

மகன் வந்துபோவதைப் பொறுத்தவரை கும்பகோணம் வசதி. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக வரும் ரயில் அங்கே நிற்கும். சென்னைக்கு உழவனும் சோழனும் இருக்கின்றன. செங்கோட்டைப் பக்கம் பொதிகை, சிலம்பு இரண்டும் சென்னைக்கு, பெங்களூர்க்காரருக்குப் பெரும்பாலும் பஸ்தான். பால், காய்கறி, இணையம் இதெல்லாம் இரண்டு இடத்திலும் சமாளிக்கலாம், இதற்காக ஒன்றைத் தள்ளவோ எடுக்கவோ வேண்டாம்.

இரண்டு ஊரிலும் புரோக்கர் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால் சுற்றிவளைத்து நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டிருப்பார். எந்தத் தெருவில் வீடு காட்டுவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. முப்பது வருஷச் சென்னை வாசத்தில் உங்களுக்கு இது மறந்திருக்கலாம், ஊருக்கு மறக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நீங்கள் என்னைக் கேட்பீர்கள்.

செலவுக் கணக்கில் பதிவை மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 28 லட்சத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம், 42 லட்சத்துக்கு 3 லட்சத்து 78 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. வில்லங்கச் சான்றை இணையத்தில் 1975-இலிருந்து பல அலுவலகங்களுக்கு எடுக்கலாம். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்கு முந்தையதும் அவசியம். 1980-களில் பட்டா திருத்தும் திட்டம் ஒன்று நடந்தது, யு.டி.ஆர். என்பார்கள், அதில் பேர் மாறி விழுந்த தவறுகளை நான் ரிட்டயர் ஆகும்வரை திருத்திக்கொண்டிருந்தேன். வில்லங்கத்தில் ஒரு பேரும் பட்டாவில் ஒரு பேரும் இருந்தால், விற்பவரே அதைத் திருத்திக் கொடுக்கட்டும். "ரிஜிஸ்டர் ஆனதும் நாமே மாத்திக்கலாம்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது, திருப்புறம்பியம் தெருவீட்டுக்காரரிடம் ஐப்பசியிலிருந்து மாசி வரை ஐந்து மாதம் வாடகைக்குக் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, கொடுப்பார்கள். அந்த வீடே கிடைக்காவிட்டால் அதே தெருவில் வேறொன்று. மழையும் அறுப்பும் அந்த ஐந்து மாதத்துக்குள் வந்துவிடும், மார்கழி விடியற்காலை மைக் செட்டும் வந்துவிடும். அதற்குள் அ பதிவேடு, எஃப்.எம்.பி., வில்லங்கம் மூன்றும் கைக்கு வந்திருக்கும். வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறார் என்று அவசரப்படுத்தினால், பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இந்த ஐந்து மாதத்தில் வரிசை நிற்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அட்வான்ஸ் என்று ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வாடகைக்கான அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், ரசீதில் "வாடகை முன்பணம்" என்ற இரண்டு சொல்லும் இருக்கட்டும்.